ஒரே பேரில் இரண்டு நாசக்காரிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வைன் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. படிப்புக்காகத் தெற்குப் பிரான்ஸில் மொன்பெலியே நகரத்தில் பத்து மாதம் இருந்தேன். சனி ஞாயிறுகளில் கையில் காசு இருந்தால் பஸ் ஏறி, இல்லாவிட்டால் கூடப்படிக்கிறவர்களின் காரில் தொற்றிக்கொண்டு, சுற்றுவட்டாரத் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய் சிவப்பு வைன் ருசி பார்த்தேன். அவ்வளவுதான் என் தகுதி.

இதை எழுதப்போகிறேன் என்றதும் ஒரு தோழி கேட்டாள், "குடியைப் பற்றிப் பெருமையா எழுதப்போறியா?" கேள்வி நியாயமானதுதான். எங்கள் குடும்பம் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து வந்தது. எங்களுக்குக் குடி என்றால் சம்பள நாள், தவறணை, கசிப்பு, அதற்குப் பிறகு ராத்திரிச் சத்தம். தாத்தாவின் தம்பி கசிப்பிலேயே போனவர். அப்படி ஒரு வீட்டுப் பொம்பளப்பிள்ளை கிளாஸைத் தூக்கிப் பிடித்து "பழ வாசம் வருகுது" என்று சொல்வதில் எனக்கே ஒரு கூச்சம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் நான் எழுதப்போவது கிளாஸில் இருப்பதைப் பற்றி மட்டுமில்லை, அந்தக் கொடியின் வேரைப் பற்றி. அந்த வேரைத் தேடிப் போனால் வழி எங்கள் மலைக்கும் வருகிறது.

முதல் தடவை போனது பிக் செங் லூ என்ற சுண்ணாம்புக்கல் மலை அடிவாரத்துக்கு. மொன்பெலியேக்கு வடக்கே, நகரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற மலை. சீரா, கிரனாஷ், மூர்வெத்ர் என்ற மூன்று கறுப்புத் திராட்சை வகைகள்தான் அங்கே முக்கியம். தோட்டக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். கிளாஸைக் காம்பில் பிடிக்கச் சொன்னார், ஒரு வெள்ளைத்தாளுக்கு மேலே சரித்து ஓரத்து நிறத்தைப் பார்க்கச் சொன்னார். இளசாக இருந்தால் ஓரம் ஊதா, வயசானால் செங்கல் நிறம். பிறகு சுழற்றி மணந்து, ஒரு மிடறு வாயில் எடுத்து, காற்றையும் சேர்த்து உறிஞ்சி, பக்கத்தில் இருந்த வாளியில் துப்பச் சொன்னார்.

துப்பச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்! பள்ளிக்கூடத்திலிருந்து ஒருமுறை தேயிலைத் தொழிற்சாலை பார்க்கக் கூட்டிப்போனார்கள். வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். ஒருவர் கரண்டியால் எடுத்து "சர்ர்" என்று சத்தம் வர உறிஞ்சி, எச்சில் சாடியில் துப்பிக்கொண்டே நடந்தார். அதே சத்தம், அதே முகபாவம். ருசியிலும் ஒற்றுமை உண்டு. சிவப்பு வைன் குடித்தால் நாக்கும் முரசும் வறண்டு இழுத்துப்பிடிக்கிற மாதிரி ஒரு துவர்ப்பு வருமே, அதை வைன்காரர்கள் டானின் என்கிறார்கள். சாயம் கூடிப்போன பிளேன்டீ குடித்தால் வருகிற இழுப்பும் அதே குடும்பத்துச் சரக்குதான். கறுப்புத் திராட்சையைப் பிழிந்தாலும் சாறு பெரும்பாலும் நிறமில்லாமல்தான் வரும். தோலோடு சேர்த்து ஊறப்போட்டுப் புளிக்க வைப்பதால்தான் சிவப்பும் துவர்ப்பும் இறங்குகின்றன. எங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், சாயம் இறங்குகிற வேலை. தேத்தண்ணியில் வளர்ந்த நாக்குக்குச் சிவப்பு வைன் அவ்வளவு அந்நியம் இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது. மற்ற மாணவர்கள் முகத்தைச் சுளித்தபோது நான் இரண்டாவது மிடறு கேட்டேன்.

அதற்குப் பிறகு அவர் எங்களைக் கொடிகளுக்கு நடுவே கூட்டிப்போனார். மாசி மாதம், கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. (அவர்கள் சொல்கிற பிரெஞ்சுச் சொல் வேறு. எனக்கு மனதில் வந்தது கவ்வாத்து என்றுதான். கவ்வாத்து முடிந்த தேயிலை மலை மாதிரியே மொட்டையாக நின்றது.) ஒரு கொடியின் அடியில் மண்ணைத் தட்டிவிட்டு, தண்டில் ஒரு வீக்கத்தைக் காட்டினார். முழங்கை முட்டி மாதிரி ஒரு புடைப்பு. "இதற்கு மேலே சீரா. இதற்குக் கீழே அமெரிக்கா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பிரான்ஸ் என்றால் மண், பரம்பரை, பாரம்பரியம் என்று போத்தலுக்குப் போத்தல் எழுதி வைத்திருக்கிறார்களே, வேர் எப்படி அமெரிக்காவாகும்? கதை அங்கேதான் தொடங்குகிறது.

1863 அளவில் ரோன் ஆற்றோரம், ரொக்மோர் ஊருக்குப் பக்கத்துக் கிராமங்களில் கொடிகள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. முதல் வருடம் இலை மஞ்சளாகும், அடுத்த வருடம் காய்ப்புக் குறையும், அதற்கடுத்த வருடம் கொடி செத்துவிடும். தண்ணீரில் எண்ணெய் படர்கிற மாதிரி வட்டம் வட்டமாகப் பரவியது. செத்த கொடியைத் தோண்டிப் பார்த்தார்கள், அழுகின வேரைத் தவிர ஒன்றும் இல்லை. 1868 ஜூலை 15 அன்று மொன்பெலியேயிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு ஒன்று பார்க்கப் போனது. தாவரவியல் பேராசிரியர் பிளான்ஷோன், தோட்டச் சொந்தக்காரர் காஸ்தோன் பஸீய், நாற்றுப்பண்ணைக்காரர் ஃபெலிக்ஸ் சாயுத். இவர்கள் பிடித்த துப்பு எளிமையானது. செத்த கொடியை விட்டுவிட்டு, பக்கத்தில் நன்றாக இருக்கிற மாதிரித் தெரிகிற கொடியைத் தோண்டினார்கள். வேர் முழுக்க மஞ்சள் நிறத்தில் மொய்த்துக்கொண்டிருந்தது, ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத பேன். கொடி செத்ததும் அது அடுத்த வேருக்குப் போய்விடும். அதனால்தான் செத்த கொடியில் கொலைகாரன் அகப்படவில்லை.

பூச்சி வந்த வழி அமெரிக்கா. ரொக்மோரில் ஒரு வைன் வியாபாரி 1862இல் அமெரிக்கக் கொடிகளை வரவழைத்து நட்டிருந்தார். அதற்கு முன்பும் அமெரிக்கக் கொடி ஐரோப்பாவுக்கு வந்திருக்கிறது. ஆனால் பாய்க்கப்பலில் வாரக்கணக்காக வரும்போது பூச்சி வழியிலேயே செத்துப்போயிருக்க வேண்டும். நீராவிக் கப்பல் பயணத்தைச் சுருக்கிவிட்டது, பூச்சியும் உயிரோடு கரை இறங்கியது. அமெரிக்கக் காட்டுக்கொடிகள் இந்தப் பூச்சியோடு காலங்காலமாக வாழ்ந்து பழகியவை, கடித்த இடத்தில் தக்கை மாதிரி ஒரு படை கட்டித் தப்பிவிடும். ஐரோப்பியக் கொடிக்கு அந்த வித்தை தெரியாது.

பிறகு நடந்ததெல்லாம் சிரிப்பும் அழுகையும். அரசாங்கம் மருந்து கண்டுபிடிப்பவருக்கு முதலில் 20,000 பிராங்க் பரிசு அறிவித்து, 1874இல் அதை 300,000 பிராங்க் ஆக்கியது. நாடு முழுக்க யோசனைகள் வந்து குவிந்தன. கொடிக்கு அடியில் உயிருள்ள தேரையைப் புதைக்கச் சொன்னவர்கள் உண்டு, மூத்திரம் ஊற்றச் சொன்னவர்களும் உண்டு. வசதியான தோட்டக்காரர்கள் கார்பன் டைசல்பைட் என்ற நஞ்சை ஊசி மாதிரி ஒரு கருவியால் மண்ணுக்குள் ஏற்றினார்கள். நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்கிற திரவம், விலையும் கூட. ஆற்றோரத்தில் இருந்தவர்கள் குளிர்காலத்தில் தோட்டத்தை வாரக்கணக்காகத் தண்ணீரில் மூழ்கடித்துப் பூச்சியைக் கொன்றார்கள். கடலோர மணலில் நட்டவர்கள் தப்பினார்கள், மணலுக்குள் அதற்கு நகர முடியாது. எக்மோர்த் கோட்டைப் பக்கம் இன்றைக்கும் மணலில் கொடி நிற்பதைப் பார்க்கலாம். சின்னக் காணிக்காரனிடம் ஆறும் இல்லை, மணலும் இல்லை, நஞ்சு வாங்கக் காசும் இல்லை.

1875இல் பிரான்ஸின் வைன் விளைச்சல் 845 இலட்சம் ஹெக்டோலீற்றர். 1889இல் 234 இலட்சம். ஊர் ஊராகக் காலியாகி, பல குடும்பங்கள் அல்ஜீரியாவுக்குக் கப்பல் ஏறின. அங்கே பிரெஞ்சு அரசு அல்ஜீரியரிடமிருந்து பறித்த நிலங்களிலும் திராட்சை நட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒருவனின் அவலம் இன்னொருவன் காணியில் இறங்குவது எல்லாக் காலனிக் கதையிலும் உள்ளதுதான்.

தப்பிக்கும் வழி எதிரி வந்த ஊரிலேயே இருந்தது. அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவது. லாலிமான், பஸீய் போன்றவர்கள் 1869 தொடக்கம் அமெரிக்கக் கொடியைப் பற்றிப் பேசினார்கள். மிசூரியின் பூச்சியியலாளர் ரைலி, இரண்டு நாட்டுப் பூச்சியும் ஒன்றே என்று உறுதிப்படுத்தினார். பிளான்ஷோன் 1873இல் அமெரிக்காவுக்கே போய்ப் பார்த்துவந்தார். சுண்ணாம்பு மண்ணில் அமெரிக்க வேர் பல மக்கர் பண்ணியபோது, 1887இல் மொன்பெலியேயிலிருந்து வியாலா என்பவர் போனார். டெக்ஸாஸில் மன்சன் என்ற தாவரவியல்காரர் சுண்ணாம்பைத் தாங்குகிற காட்டுக்கொடிகளைக் காட்டினார். பரிசுப் பணத்தை லாலிமான் கேட்டார், கிடைக்கவில்லை. நோயைத் தடுத்தாய், குணப்படுத்தவில்லையே என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த 300,000 பிராங்க் யாருக்கும் கொடுபடவே இல்லை. மொன்பெலியே ரயில் நிலையத்துக்கு எதிரே பிளான்ஷோனுக்கு ஒரு பூங்காவும் சிலையும் இருக்கின்றன. தினமும் அந்த வழியால்தான் போய்வந்தேன், ஆரம்பத்தில் அது யாரென்றே தெரியாது.

இப்போது நான் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் ஒரு தோட்டத்தின் சின்னக் காட்சியறையில் அந்தப் பூச்சிக்கு பிளான்ஷோன் வைத்த விஞ்ஞானப் பேரை வாசித்தேன். பிலொக்ஸெரா வாஸ்டாட்ரிக்ஸ். இரண்டாவது சொல்லை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று மண்டையைக் குடைந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில்தான் பிடிபட்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்! எங்கள் மலையில் கோப்பியை அழித்த பூஞ்சையின் பேர்.

வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் இலத்தீனில் நாசக்காரி. பெண்பால்தான், அதையும் கவனிக்க வேண்டும். பிரான்ஸ் பூச்சிக்கு 1868இல் அந்தப் பேர் வந்தது. அடுத்த வருடம், 1869இல், மடுல்சீமையில் ஒரு கோப்பித் தோட்டத்தில் இலைக்கு அடியில் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைத் தோட்டத்திலிருந்து மாதிரி இங்கிலாந்துக்குப் போனது. பெர்க்லி என்ற பாதிரியார், பூஞ்சை ஆராய்ச்சியில் பெரிய புள்ளி, அதே வருடம் அதற்கு அதே பேரை வைத்தார். துரைமார் ஹெமிலியா என்ற பேரை வைத்துப் பகிடியாக "நாசக்காரி எமிலி" என்று கூப்பிட்டார்களாம். பகிடி பண்ண அவர்களுக்கு அப்போது நேரம் இருந்தது. 1870களில் கோப்பி விலை ஏறிக்கொண்டே போனது. காய்ப்புக் குறைந்தாலும் காடு வெட்டிப் புது மலை நட்டுக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். 1878 அளவில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் கோப்பி நின்றது. மலைக்கு மலை இடைவெளி இல்லாமல் ஒரே பயிர். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆராய்ச்சியாளர் வந்து, பொடி காற்றில் பறந்து பரவுகிறது, இப்படித் தொடர்ச்சியாக நட்டதே அதற்கு விரித்த பாய் என்று விளக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஒட்டுக்கட்டித் தப்புவதற்கு அந்தக் காலத்தில் யாருக்கும் ஒரு வழி தெரியவில்லை. சிங்கோனா நட்டுப் பார்த்தார்கள், விலை சரிந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி இழுத்து மூடியது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இலேயே நட்டிருந்த தேயிலைதான் கடைசியில் மலைகளை எடுத்துக்கொண்டது.

இரண்டு நாசக்காரிகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே உலகச் சந்தையின் கப்பல் பாதைகளுக்குப் பக்கத்தில் வேலை செய்தார்கள். ஆனால் பிரான்ஸில் என்ன நடந்தது? வாக்குரிமை உள்ள விவசாயிகள் இருந்தார்கள். குழு, பரிசு, ஆராய்ச்சிப் பயணம் எல்லாம் வந்தன. 1887இல் ஒரு சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட இடங்களில் புதிதாக நட்ட தோட்டத்துக்கு முதல் நாலு வருடம் நிலவரி இல்லை என்றார்கள். எவ்வளவு குறை சொன்னாலும், அரசாங்கம் கொடிக்குப் பின்னால் நின்ற மனிதனையும் எண்ணிப் பார்த்தது.

எங்கள் பக்கம் வங்கி மூடியபோது ஆளுநர் கோர்டன் வங்கித் தாள்களுக்கு உத்தரவாதம் கொடுத்தார். கோப்பி பறித்தவர்களுக்கு? பல தோட்டங்களில் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. கோப்பிக்காலத்தில் பெரும்பாலானவர்கள் அறுவடைக்கு வந்து திரும்பிப் போகிறவர்கள். கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டுவழியே மலைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் பாதையோரத்திலேயே முடிந்துபோனார்கள். 1876–78 சென்னை மாகாணப் பஞ்சம் இன்னும் பல ஆயிரம் பேரை இந்தப் பக்கம் துரத்தியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்கவேண்டும். அதனால் ஆண் பெண் பிள்ளைகுட்டியோடு நிரந்தரமாக ஆள் வேண்டும். லயம் எங்களுக்கு வீடாக மாறியது அப்படித்தான். ஒரு பூஞ்சைதான் என் பாட்டனார்களை இந்த மலையில் குடியேற்றியது என்று சொன்னால் அது மிகை. பஞ்சமும் கங்காணியும் கடனும் இருந்தன. ஆனால் எமிலி இல்லாவிட்டால் எங்கள் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

பிரெஞ்சுக்காரன் கதையும் நல்லபடியாக முடியவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் ஓரவஞ்சனை. ஒட்டுக்கொடி நட்டுத் தோட்டம் மீண்டதும் வைன் கூடிப்போனது. சீனியும் தண்ணியும் கலந்த கள்ளச் சரக்கும் சந்தையில் ஓடியது. விலை விழுந்தது. 1907இல் தெற்கே பெரும் கிளர்ச்சி. ஆர்ஜெலியே என்ற ஊரின் கஃபேக்காரர் மார்சலென் அல்பேர் முன்னே நடந்தார். ஜூன் 9 அன்று மொன்பெலியேயில் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் கூடினார்கள் என்கிறார்கள். முதலாளியும் கூலியாளும் ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால்தான் அதே கூலியாட்கள் அதே முதலாளிகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். நார்போன் நகரில் இராணுவம் சுட்டது. பக்கத்து ஊர்ப் பையன்கள் நிறைந்த 17ஆவது படைப்பிரிவு, சொந்தச் சனத்தைச் சுடமாட்டோம் என்று கலகம் செய்தது. மாத முடிவுக்குள் கலப்பட வைனுக்கு எதிராகச் சட்டம் வந்தது. ஊர்வலம் முடிந்த அந்த நகரத்தின் சதுக்கத்தில் இன்றைக்குச் சனம் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறது. நானும் சாப்பிட்டேன்.

இன்னொரு போத்தலைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் விடுதியில் சிலி நாட்டுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். பிறந்தநாளுக்கு ஊரிலிருந்து வந்த கார்மெனேர் ஒன்றைத் திறந்தாள். கடும் சிவப்பு, பச்சை மிளகாய் நறுக்கின மாதிரி ஒரு மணம், துவர்ப்புக் குறைவு. கார்மெனேர் போர்தோவின் பழைய வகை. பூச்சி வந்து அழிந்தபிறகு அங்கே அதைத் திரும்ப நட்டவர்கள் மிகக் குறைவு, காய்ப்பதும் பழுப்பதும் சிரமம். அநேகமாக மறந்தே போனார்கள். ஆனால் பூச்சி வருவதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டு நடுவில், சிலிக்காரர்கள் போர்தோவிலிருந்து கொடிகளைக் கொண்டுபோயிருந்தார்கள். சிலிக்குப் பூச்சி போகவே இல்லை. அங்கே மெர்லோவோடு கலந்து, மெர்லோ என்ற பேரிலேயே நூறு வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறது. 1994 நவம்பர் 24 அன்று, சந்தியாகோவுக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் பூசிகோ என்ற கொடி நிபுணர் இது மெர்லோ கிடையாது, கார்மெனேர் என்று கண்டுபிடித்தார். அவர் மொன்பெலியேக்காரர். என் தோழி இதைச் சொல்லிவிட்டு, "உங்கட வாத்தியார் வந்து எங்கட கொடிக்குப் பேர் சொல்லித்தர வேண்டியிருந்தது" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னாள். அதில் பெருமையா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் குடித்த சிவப்பு வைன்களில் அதுதான் எனக்கு ஆகப் பிடித்தது. வேரும் தண்டும் ஒரே கொடியாக இருந்ததாலோ என்று சொல்லத் தோன்றுகிறது. அது சும்மா மனப்பிராந்தி, என் நாக்குக்கு அவ்வளவு பவிசு கிடையாது.

ஊருக்கு வந்து முதல் வேலையாக அப்பாயியைப் பார்க்கப் போனேன். முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். வைன் குடித்தேன் என்று சொன்னதும் காதைப் பிடித்தார்.

"பொம்பளப்புள்ள, இதுக்கா அவ்வளவு தூரம் போன?"

"துப்பிட்டேன் அப்பாயி. டீமேக்கர் மாதிரி வாயில வச்சுத் துப்புறதுதான்."

"துப்புறதுக்கு எதுக்குடி வாங்கணும்?"

பதில் இல்லை. எப்படி இருக்கும் என்று பிறகு அவரே மெதுவாகக் கேட்டார். சாயம் கூடின பிளேன்டீயில் நாவற்பழம் பிழிந்த மாதிரி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

லயத்துக்குப் பின்னால், கோழிக்கூட்டுப் பக்கம், நாலைந்து கோப்பி மரம் நிற்கிறது. சின்ன வயசிலிருந்து அவற்றைச் சுற்றி விளையாடியிருக்கிறேன், ஒருநாளும் இலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. அன்றைக்குத் திருப்பிப் பார்த்தேன். அடியில் வட்டம் வட்டமாகச் செம்மஞ்சள் பொடி. தொட்டதும் விரலில் ஒட்டிக்கொண்டது. மடுல்சீமை, நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும்.

"அப்பாயி, இது என்ன தெரியுமா?"

"அது அப்பிடித்தான் புள்ள, எப்பவும் இருக்கும்" என்றார். "கையக் கழுவிட்டு வா, தேத்தண்ணி ஆறுது."